மூடியின் முதுகையும் காட்டுங்கள்

பழைய படை முகாம்கள் இருந்த நிலங்களில் மெட்டல் டிடெக்டரோடு அலையும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் எனக்கு எழுதியவர்கள்தான். "இது என்ன மூடி?" என்று மூன்றே சொற்கள், கூடவே ஒரு படம். வெள்ளைத் துணியில் வைத்து, நேர் மேலிருந்து எடுத்த ஒரு வட்டம். அளவு கிடையாது, எடை கிடையாது, எங்கே எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்ற பேச்சே கிடையாது. மொட்டைத்தாதன் குட்டையில் விழுந்தான் என்பார்களே, அந்தக் கதைதான். "மூடி கிடைத்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று சில ஆண்டுகளுக்கு முன் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆகவே கோபித்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் முறையிட உரிமை இருக்கிறது. இது அந்த முறையீடு.

தோட்டாவைப் பார்த்தால் துப்பாக்கியைச் சொல்லிவிடலாம். பொத்தானைப் பார்த்தால் படைப்பிரிவைக்கூடச் சில நேரம் சொல்லிவிடலாம். அவற்றைப் பட்டாளம் தனக்காகவே செய்வித்தது. மூடி அப்படிப்பட்டதன்று. அது கடையில் விற்ற சரக்கு. சிப்பாய் வாங்கினான், பக்கத்துப் பண்ணைக்காரர் வாங்கினார், முப்பது வருடம் கழித்து அதே நிலத்தில் உழுதவரும் வாங்கினார். மூவரும் அதே மண்ணில்தான் எறிந்தார்கள். அதனால் மூடியின் முகத்தை மட்டும் காட்டி "எந்தப் பட்டாளம்?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் தவறாக வரும். தவறாகச் சொன்னவன் நானேதான். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஸ்டாஃபோர்ட் கவுண்டி. உள்நாட்டுப் போரில், 1862 டிசம்பரில், ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் தோற்றுத் திரும்பிய வடபடை (வட மாநிலங்களின் படை) அந்தக் குளிர்காலத்தை அங்கேதான் கழித்தது. லட்சம் பேருக்கு மேல். மரத்தை வெட்டிக் குடிசை போட்டு, மண்ணைத் தோண்டி அடுப்பு வைத்து, பக்கத்திலேயே குப்பைக் குழியும் வெட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தார்கள். அப்படி ஒரு குடிசைப் பள்ளம் இருந்த பண்ணை நிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு தோண்டிய நண்பர் ஒருவர் ஒரு திருகு மூடியைக் கொண்டுவந்தார். துத்தநாகம், வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உட்பக்கம் முழுக்க மண் இறுகிக் கிடந்தது. கூடவே, அதே குழியில் எடுத்ததாக நீலப்பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று. அதில் புடைப்பெழுத்தில் 1858.

எனக்கு ஒரே துள்ளல். ஜான் லாண்டிஸ் மேசன் திருகு மூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கியது 1858 நவம்பர் 30. முகாம் 1862. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! நண்பர் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். ஓர் அட்டையை வாங்கி என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: "வடபடைச் சிப்பாயின் பழ ஜாடி மூடி, குளிர்கால முகாம், 1862–63."

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். மூடியைத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறார். உள்ளே இருந்த மண் கரைந்ததும் ஒரு வெள்ளைக் கண்ணாடி வில்லை தெரிந்திருக்கிறது. அதில் வட்டமாக எழுத்து: "பாய்ட்ஸ் ஜெனுவின் போர்சலின் லைன்ட்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. துத்தநாகம் உணவில் படாமல் இருக்க மூடிக்குள் வெள்ளைக் கண்ணாடி வில்லை வைக்கும் யோசனைக்கு லூயிஸ் பாய்ட் காப்புரிமை வாங்கியதே 1869-இல். போர் முடிந்தே நாலு வருடம் ஆகியிருந்தது. (அசல் பீங்கான் என்று எழுதி வைத்திருப்பதும் பொய்தான். கண்ணாடி.) அந்த 1858? மேசன் ஜாடிகளில் அந்தத் தேதியை 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அச்சுக் குத்திக்கொண்டே இருந்தார்கள். காப்புரிமைத் தேதி விளம்பரமாகிவிட்டது. பண்ணை வீட்டில் யாரோ பழம் பதப்படுத்திய ஜாடியை நான் சிப்பாய் கையில் கொடுத்துவிட்டேன்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அந்தக் கதை எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போகட்டும். அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு: எழுத்தைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் மூடியைத் திருப்பிப்போட்டு முதுகைப் பார்ப்பேன், பிறகு விளிம்பை. இது எப்படி மூடியது? திருகியா, அழுத்தியா, கீல் வைத்தா, மெழுகு ஊற்றியா, பற்றாசு (உருக்கி ஒட்டும் ஈயக் கலவை) வைத்தா? ஒரு மூடியின் வயதை அதன் விளிம்பு சொல்வதுபோல் வேறெதுவும் சொல்வதில்லை.

உள்நாட்டுப் போர் முகாம்களில் அடிக்கடி கிடைத்து, அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு விரல் அகலத்தில் ஒரு தகரத் தட்டு, ஓரத்தில் சாம்பல் நிற வளையம், நட்டநடுவில் கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு பொட்டு. "ஏதோ பதக்கம்" என்று இதை எனக்கு அனுப்பியவர்கள் மூன்று பேர். இது பதக்கமன்று, அந்தக் காலத்து உணவு டப்பாவின் தலையில் இருந்த அடைப்பு. டப்பாவைச் செய்யும்போது மேல் தகட்டில் வட்டமாக ஒரு துளை விடுவார்கள். பீச் பழமோ சிப்பியோ இறைச்சியோ அதன் வழியாகத்தான் உள்ளே போகும். நிரம்பியதும் இந்தத் தட்டை வைத்துச் சுற்றிலும் பற்றாசு ஓடவிட்டு அடைப்பார்கள். அதுதான் அந்தச் சாம்பல் வளையம். தட்டின் நடுவில் ஊசித்துளை ஒன்று இருக்கும், சூடாகும்போது ஆவி வெளியேற. ஆவி போனதும் அதன்மேல் ஒரு சொட்டுப் பற்றாசு. அதுதான் பொட்டு. ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளி கையால் வைத்த சொட்டு. அதனால்தான் ஒன்றின் பொட்டுபோல் இன்னொன்றின் பொட்டு இருப்பதில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிலவற்றில் பற்றாசு வைக்கும் சூட்டுக்கோல் இழுத்த வால்கூடத் தெரியும்.

இந்த டப்பாவை எப்படித் திறந்தார்கள் என்பதும் தகட்டிலேயே இருக்கிறது. எஸ்ரா வார்னர் டப்பா திறப்பானுக்கு 1858-இல் காப்புரிமை வாங்கியிருந்தார் என்றாலும் குடிசைக்குக் குடிசை அது இருந்ததில்லை. கத்தி, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி), உளியும் கல்லும். மேல் தகடு குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்து நாலு இதழாக வளைந்திருந்தால் அது பசித்தவன் கைவேலை. அதையே ஒழுங்கான நாடாவாகச் சுருட்டி எடுத்திருந்தால் சாவி வைத்துத் திறக்கும் டப்பா. அந்தக் காப்புரிமை 1866. பற்றாசே இல்லாமல் விளிம்பு இரட்டையாக மடிந்து இறுகியிருந்தால் நீங்கள் 20-ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டீர்கள். ஆக, ஒரே ஓரத்தில் மூன்று தலைமுறை. அதைத்தான் எல்லோரும் கம்பித் தூரிகையால் தேய்த்து மொழுக்கென்று ஆக்கி அனுப்புகிறீர்கள்.

சிப்பாய்க்கு டப்பா உணவு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: படையோடு 'சட்லர்' என்ற உரிமம் பெற்ற வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். சார்டின் மீன், சிப்பி, பழம், கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை வாங்கிய கெட்டிப்பால் எல்லாம் அவர்கள் கடையில் கிடைத்தது, அநியாய விலையில். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சான்று வேண்டுமென்றால் 'பெர்ட்ரண்ட்' என்ற நீராவிப் படகை நாடுங்கள். மிசௌரி ஆற்றில் 1865 ஏப்ரல் 1 அன்று சரக்கோடு மூழ்கியது. 1968-இல் சேற்றுக்குள் கண்டுபிடித்தார்கள். போர் முடியும் வாரங்களில் கடைகளுக்குப் போகவிருந்த டப்பாவும் ஜாடியும் மூடியும் அப்படி அப்படியே கிடைத்தன. நெப்ராஸ்கா, அயோவா எல்லையில் உள்ள டிசோட்டோ சரணாலயத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் மூடி அங்கே இருப்பதுபோல் இருந்தால் உங்களுக்கு யோகம்தான்.

தேதி போட்ட மூடிகள் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். முதல் உலகப் போர் முகாம்களில் தோண்டுவோருக்கு படைவீரர்களுக்குப் பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரில் பரிசாகக் கொடுத்த பித்தளைப் பெட்டி நன்றாகத் தெரியும். மூடியில் இளவரசியின் தலை, இருபுறமும் 'எம்' எழுத்து, கீழே கிறிஸ்துமஸ் 1914. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் புகையிலையும் சிகரெட்டும். இந்தியச் சிப்பாய்களில் பலருக்குக் கற்கண்டும் மசாலாவும். மூடி மட்டும் கிடைத்ததும் "1914 டிசம்பர் முகாம்" என்று எழுதிவிடுகிறார்கள். பித்தளைத் தட்டுப்பாட்டில் பெட்டி செய்வதே இழுத்துக்கொண்டு போனது; எல்லோருக்கும் கொடுத்து முடிக்கப் போரே முடிந்துவிட்டது. மொத்தம் 25 லட்சத்துக்கு மேல். பெட்டி கையில் வந்த பிறகும் யார் உடனே எறிவார்? பொத்தான், கடிதம், மனைவியின் படம் என்று வருடக்கணக்கில் வைத்திருந்திருப்பார்கள். அந்த 1914 செய்தவர்களின் தேதி. மண்ணில் விழுந்த தேதியை அது சொல்லாது.

பீங்கான் மூடிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். சபலம் எனக்கும் உண்டு, அதனால் சுருக்கிக்கொள்கிறேன். பற்பசை, சவரக் களிம்பு, தலைக்குப் பூசும் கரடிக் கொழுப்பு எல்லாம் அப்போது அச்சுப் படம் போட்ட சின்னப் பீங்கான் சட்டியில் வந்தன. பிலடெல்பியாவின் வாசனைச் சரக்குத் தயாரிப்பாளர்கள் ஜூல்ஸ் ஹவேல், பேசின் ஆகியோரின் மூடிகள் அமெரிக்க முகாம்களுக்குரியவை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அதிகம் கிடைக்கும் பற்பசை மூடிகளில் ஒன்று என்ன தெரியுமா? 'அரிக்கா நட் டூத் பேஸ்ட்'. நம் பாக்கேதான். பாக்கைப் பொடித்துப் பல் வெண்மைக்கு என்று விற்றிருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் பாக்கு மென்றவர்களின் பற்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு அடங்குவதில்லை.

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "இது 1863 போர்க்களத்துப் பக்கத்து நிலம், ஆகவே 1863 மூடி" என்கிறீர்கள். பட்டாளங்கள் ஒரே நிலத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தன என்பதை மறந்துவிடுகிறீர்கள். ஜார்ஜியா மாநிலத்துச் சிக்கமாகாவில் 1863-இல் போர். அதே நிலத்தில் 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போருக்காக கேம்ப் தாமஸ் என்ற முகாம். 1917-இல் மறுபடியும் பயிற்சி முகாம். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் தென்படைத் தளபதி பிக்கெட்டின் ஆட்கள் பாய்ந்து தாக்கிய அதே வயலில் 1918-இல் கேம்ப் கோல்ட். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவர் அங்கேதான் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1913-இல், போரின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பழைய வீரர்கள் வந்து அங்கே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். இருபது வயதில் கத்தியால் டப்பாவைக் கிழித்தவர் எழுபது வயதில் அதே ஊருக்கு வந்து சோடா பாட்டிலைத் திறந்திருக்கலாம். அந்தச் சோடா மூடி, நெளிநெளி விளிம்போடு, வில்லியம் பெயின்டர் 1892-இல் காப்புரிமை வாங்கியது. இரண்டும் அதே மனிதருடையவை என்றாலும் இடையில் அரை நூற்றாண்டு.

அதனால்தான் கூடக் கிடந்தவற்றைக் கேட்கிறேன். மூடிக்குப் பக்கத்தில் ஆணி இருந்ததா? தட்டையாக வெட்டிய ஆணியா, உருண்டைக் கம்பி ஆணியா? கம்பி ஆணி பரவலானது 1890 வாக்கில்தான். ஒரு துருப்பிடித்த ஆணி உங்கள் மூடியை முப்பது வருடம் முன்னும் பின்னும் தள்ளிவிடும். அதைத் தூக்கிப் புதரில் எறிந்துவிட்டு மூடியை மட்டும் பையில் போட்டுக்கொள்கிறீர்கள்.

சில விஷயங்களுக்கு என்னைக் கேட்கவே வேண்டாம். அலுமினிய மூடி எந்த நாளும் உள்நாட்டுப் போர் மூடி ஆகாது. மின்சாரத்தால் மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி தெரிந்ததே 1886-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பு வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்த 100 அவுன்ஸ் அலுமினிய முனையை நாடே வேடிக்கை பார்த்தது. தகரத்தின் மேலேயே வண்ணப்படம் அச்சிட்டிருந்தால் அதுவும் பின்னாளையது. பிரின்ஸ் ஆல்பர்ட் புகையிலை டப்பா 1907-க்குப் பிந்தியது. தயவுசெய்து இனி அதை அனுப்பாதீர்கள். வீட்டில் எட்டு இருக்கிறது.

இப்போது சொல்லப்போவது முறையீடன்று, எச்சரிக்கை. வட்டமாக, கனமாக, வெள்ளீய நிறத்தில், நாலு சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்று கிடைத்து, அதில் 1 முதல் 5 வரை எண்கள் வளைவாகப் பொறித்திருந்தால் கைவைக்காதீர்கள். அது மூடியன்று, போர்மன் ஃபியூஸ். பீரங்கிக் குண்டு எத்தனை வினாடியில் வெடிக்க வேண்டுமென்று அந்த எண்ணில் துளையிட்டுக் குறிப்பார்கள். மண்ணுக்கு மேலே தெரிவது தட்டு மட்டும். அடியில் குண்டு முழுதாக இருக்கலாம். கருமருந்து நூற்றைம்பது வருடம் ஈரத்தில் கிடந்தாலும் காய்ந்தால் பழையபடி தீப்பிடிக்கும். 2008-இல் வர்ஜீனியாவில், இந்த வேலையில் நெடுங்காலப் பழக்கமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் தன் வீட்டில் உள்நாட்டுப் போர்க் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். "மூடி திருகிக் கழலவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். படத்தில் எண்கள் தெரிந்தன. பதில் எழுதிய என் கை நடுங்கியது. தள்ளி நில்லுங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் எழுதினேன்.

தோண்டும் இடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. தேசியப் பூங்காவாகிவிட்ட போர்க்களங்களுக்குள் டிடெக்டர் கொண்டுபோவதே குற்றம். கூட்டாட்சி நிலத்தில் நூறு வயது தாண்டிய பொருளை அனுமதியில்லாமல் எடுப்பதைத் தடுக்க 1979-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தனியார் நிலமென்றால் உரிமையாளர் சொல்ல வேண்டும். "எங்கே கிடைத்தது என்று சொல்ல முடியாது" என்று எழுதுபவர்களுக்கு இனி நான் எதையும் அடையாளம் காட்டமாட்டேன். காரணம் இருவருக்கும் தெரியும்.

மற்றவர்களுக்கு: கழுவாமல் அனுப்புங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், அமிலம் வேண்டாம், பாட்டரி வைத்து மின்சாரக் குளியல் கொடுக்கும் வித்தையும் வேண்டாம். தகரத்தின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு அழுக்கு சில சமயம் அரக்குப் பூச்சு. உட்பக்கத்துப் பிசுக்கு சில சமயம் பூட்சுக்குப் போட்ட மை. துருவோடு சேர்த்து அதையும் உரித்துவிட்டால் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு, ஈரம் படாத டப்பியில் போடுங்கள். எழுத்து தெரியவில்லையென்றால் தேய்க்காதீர்கள். இருட்டு அறையில் டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். பகலில் இல்லாத எழுத்து நிழலாக எழுந்து நிற்கும். காந்தத்தைக் காட்டி ஒட்டுகிறதா என்று எழுதுங்கள். குறுக்களவை விளிம்புக்கு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை அளந்து எழுதுங்கள். உட்பக்க அளவு இல்லாமல் அது எதன் வாயில் உட்கார்ந்தது என்று தெரியாது. முகம், முதுகு, விளிம்பு என்று மூன்று படம், பக்கத்தில் அளவுகோல். ஈயம் கலந்தவை நிறைய வரும், சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள்.

ஸ்டாஃபோர்ட் நண்பருக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. மூடி இன்னமும் சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்குகிறது என்று கேள்விப்பட்டேன். தொங்கட்டும், நல்ல மூடி, பாய்ட் வில்லை உடையாமல் கிடைப்பது சந்தோஷம். அடியில் இருக்கும் அந்த அட்டையை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். என் கையெழுத்தில் இருக்கிறது. வேறொன்று எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
நீங்கள் 'மூடிக்காரர்' என்று கூப்பிடும் நான்